கம்மல் தேடப் போன வயலில் கம்பெனிக் காசு: ஒரு நிகழ்வு ஆய்வு

மணலியைத் தாண்டி, கொசஸ்தலை ஆற்றுக்கு இந்தப் பக்கம், சென்னை மாநகராட்சி எல்லைக்குள் இன்னமும் நெல் விளைகிறது என்று சொன்னால் தி.நகர்க்காரர்கள் நம்புவதில்லை. 2011-இல் மாநகராட்சி 200 வார்டுகளாக விரிந்தபோது உள்ளே வந்த ஊர்கள் இவை. ஒரு பக்கம் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கி, இன்னொரு பக்கம் ஆலைகள், நடுவில் கொக்கு நிற்கிற வயல். அப்படி ஒரு 60 சென்ட் வயலில், இரண்டு ஞாயிற்றுக்கிழமை மெட்டல் டிடெக்டரை வைத்துக்கொண்டு நாங்கள் செய்ததையும் செய்யத் தவறியதையும் இங்கே எழுதுகிறேன். பாதி பெருமை, பாதி வெட்கம்.

நாங்கள் என்றால் மூன்று பேர். நான் தண்டையார்பேட்டையில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். இருபது வருடமாகப் பழைய காசு சேர்க்கிறேன். இரண்டாவது, பெரம்பூர் நண்பர், ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். மூன்றாவது, அவருடைய அக்காள் மகன், கல்லூரியில் படிக்கிற பையன். வயல் பெரம்பூர்க்காரரின் தாய்மாமனுடையது. பழகிப் பழகி எங்கள் எல்லோருக்கும் அவர் மாமா, அவர் வீட்டம்மா அத்தை.

எல்லாம் ஆரம்பித்தது அத்தையின் வலது காதுக் கம்மலில்.

சம்பாவுக்குக் களை எடுத்த அன்று மாலை வீட்டுக்கு வந்து காதைத் தொட்டுப் பார்த்தால் கம்மல் இல்லை. மறுநாள் நாலு பெண்கள் சேற்றில் கைவிட்டுத் துழாவியும் கிடைக்கவில்லை. பயிர் நிற்கும்போது மேற்கொண்டு எதுவும் செய்ய முடியாது. பொங்கல் கழிந்து அறுவடை முடிந்த பிறகுதான், தன் மருமகனிடம் ‘மிஷின்’ இருப்பது மாமாவுக்கு ஞாபகம் வந்தது. டிராக்டர் விட்டு உழுதுவிட்டால் கம்மல் எங்கே புரண்டு போகுமோ தெரியாது. அதற்குள் வந்து பாருங்கள் என்றார். “ஒத்தைக் கம்மல வச்சிக்கினு நான் இன்னா பண்றது? இன்னிக்கு விக்கிற வெலையில ஜோடி வாங்க முடியுமா?” என்று அத்தை போனில் கேட்டார். நியாயமான கேள்வி.

கருவியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பின்னால் நடந்த கோளாறில் பாதிக்கு அதுதான் விளக்கம். பெரம்பூர்க்காரரிடம் இருப்பது பழைய, ஆரம்பநிலைக் கருவி, வேலை செய்கிற அலைவரிசை 6.5 கிலோஹெர்ட்ஸ். கீழே இருக்கிற கம்பிச்சுருளில் (காயில்) மாறுமின்னோட்டம் ஓடி மண்ணுக்குள் காந்தப்புலத்தை அடிக்கிறது. உள்ளே உலோகம் இருந்தால் அதில் சுழல் மின்னோட்டம் எழும்பி, அது தன் பங்குக்கு ஒரு சின்னக் காந்தப்புலத்தைத் திருப்பி அனுப்பும். திரும்பி வந்தது எவ்வளவு பிந்தி வந்தது என்பதை வைத்து, இரும்பா, மெல்லிய தகடா, கனமான செம்பா என்று கருவி ஊகிக்கிறது. வெறும் ஊகம்தான். தாழ்ந்த அலைவரிசை, தடித்த செம்புக்கும் வெள்ளிக்கும் தோது. கம்மல் மாதிரி மெல்லிய, சின்னத் தங்கத்துக்கு அதைவிடப் பல மடங்கு உயர்ந்த அலைவரிசை இருந்தால் நல்லது. அதோடு, இந்தக் கருவியின் திரையில் சின்னத் தங்கம் விழுகிற இடமும், மாத்திரை அட்டை, குட்கா பாக்கெட்டின் அலுமினியத் தாள் விழுகிற இடமும் ஒன்று. அதாவது கம்மல் வேண்டுமென்றால் ஒவ்வொரு குப்பையையும் தோண்டித்தான் ஆக வேண்டும்.

அந்த மண்ணிலும் ஒரு சிக்கல் உண்டு. மீஞ்சூர் சுற்றுவட்டாரத்தில் நிலத்தடி நீரை உறிஞ்சி உறிஞ்சிக் கடல்நீர் உள்ளே ஏறியது பழைய கதை. உப்பு ஏறிய ஈரமண் தானே மின்சாரத்தைக் கடத்தும். மண்ணையே உலோகம் என்று நினைத்துக் கருவி முனகும். மண்ணுக்கு ஏற்ப முடுக்கித் திருத்துகிற வசதி எங்கள் கருவியில் இல்லை, வாங்கும்போது எப்படி இருந்ததோ அப்படியே. உணர்திறனைக் குறைத்துக்கொண்டு ஓட்டுவது தவிர வழியில்லை.

முதல் ஞாயிறு

பிப்ரவரி மாதம், காலை ஏழு மணி. அறுவடைத் தாள் கணுக்காலைக் குத்துகிறது. தாளுக்கு மேலே காயிலை ஆட்டினால் தரைக்கும் அதற்கும் நாலு விரற்கடை இடைவெளி விழுந்துவிடும். அவ்வளவு ஆழமும் நஷ்டம். அதனால் பையன் முன்னால் போய்த் தாளை மிதித்துச் சாய்க்க, பெரம்பூர்க்காரர் ஹெட்போனைப் போட்டுக்கொண்டு பின்னால் ஓட்ட, நான் சின்ன மண்வெட்டியோடு மூன்றாவதாகப் போனேன்.

முதல் ஒரு மணி நேரத்தில் பதினாறு குழி. அதில் கிடைத்தவை: குவார்ட்டர் பாட்டில் மூடி ஒன்பது, குட்கா உறை நாலு, மாத்திரை அட்டை இரண்டு, சைக்கிள் டியூபின் வால்வு ஒன்று. வரப்பில் உட்கார்ந்து குடிப்பவர்கள் மூடியை ஏன் இவ்வளவு தூரம் வீசுகிறார்கள் என்பது தனி ஆய்வுக்குரிய விஷயம். அலுமினிய மூடி, கருவியின் காதுக்கு அசல் காசு மாதிரியே ஒலிக்கும். பெரம்பூர்க்காரருக்குப் பொறுமை போயிற்று. குப்பை வரிசையை அடக்கிவிட்டுக் காசு வரிசைக்கு மட்டும் ஒலிக்கிற முறைக்குக் கருவியை மாற்றினார். மூடி இனியும் கத்தும், ஆனால் குட்கா உறையும் மாத்திரை அட்டையும் கத்தாது. எங்களுக்கு நிம்மதி.

அலுமினியத் தாளோடு சேர்த்துக் கம்மலையும் அடக்கிவிட்டோம் என்பது வீட்டுக்குப் போய் மூன்று நாள் கழித்துத்தான் உறைத்தது. அந்த நிமிடத்தோடு நாங்கள் கம்மல் தேடுவதை விட்டுவிட்டுக் காசு தேட ஆரம்பித்திருக்கிறோம். ஒருவருக்கும் தெரியாது.

மாற்றிய பத்தாவது நிமிடம், பம்புசெட்டுக்கு எதிர்ப்புறம், ஹெட்போன் இல்லாமலே எனக்குக் கேட்டது: மணி அடித்த மாதிரி சுத்தமான சத்தம். நாலு பக்கமும் மாறி மாறி ஆட்டினாலும் அதே சத்தம், அதே இடம். ஒரு சாண் ஆழத்துக்குக் கொஞ்சம் குறைவு. மண்கட்டியைப் பிட்டபோது விளிம்பு தெரிந்தது. பச்சை பூத்த பெரிய செம்புக் காசு, குறுக்களவு முப்பது மில்லிமீட்டர் இருக்கும். எச்சில் தொட்டு விரலால் லேசாகத் தடவியதும் சிங்கம் ஒன்றின் பிடரி தெரிந்தது, கீழே 1808.

பையன் குதித்தான். எனக்கும் குதிக்கத்தான் ஆசை. ஆனால் அந்தக் காசை எனக்கு முன்பே தெரியும். சென்னை ராஜதானிக்காக இங்கிலாந்தின் பர்மிங்காம் சோஹோ நாணயச்சாலையில் அடித்து அனுப்பிய இருபது காசு. ஒரு பக்கம் கிழக்கிந்தியக் கம்பெனியின் சின்னம். மறுபக்கம் பாரசீகத்தில் ‘இருபது காஸ் நாலு ஃபலூஸ்’ என்ற கணக்கு, அதற்குக் கீழே ஆங்கிலத்தில் மதிப்பு. நம் ஊர்க் ‘காசு’ என்ற சொல்லைத்தான் ஆங்கில எழுத்தில் வெட்டியிருக்கிறார்கள். எண்பது காசு ஒரு பணம், நாற்பத்திரண்டு பணம் ஒரு வராகன் என்று இங்கே கணக்கு ஓடிய காலம்; ஆக எங்கள் கையில் இருந்தது கால் பணம்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. இதே 1808-ஆம் ஆண்டுக் காசுகளை டன் கணக்கில் ஏற்றிக்கொண்டு சென்னைக்குக் கிளம்பிய ‘அட்மிரல் கார்ட்னர்’ என்ற கப்பல், 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையையே தாண்டாமல் குட்வின் மணல்திட்டில் மூழ்கிவிட்டது. 1980-களில் முத்துக்குளிப்பு மாதிரி இறங்கி அள்ளினார்கள். அதனால் இந்தக் காசு உலகம் பூராவும் மலிவாகக் கிடைக்கிறது. மூர் மார்க்கெட் பக்கம் தேய்ந்த காசைச் சில நூறு ரூபாய்க்கு நானே வாங்கியிருக்கிறேன். இதை மாமாவிடம் சொன்னபோது அவர் முகம் விழுந்ததைப் பார்க்க வேண்டுமே.

பதினோரு மணிக்கு வெயில் ஏறியதும் நிறுத்தினோம். மொத்தம் 47 குழி. எடுத்து வைத்தவை பதினொன்று: அந்த இருபது காசு, 1835-ஆம் ஆண்டின் கம்பெனிக் காலணா, டச்சுக் கம்பெனியின் முத்திரை உள்ள ஒரு சின்னச் செம்பு, முகம் தெரியாமல் தேய்ந்த பொடிக் காசு மூன்று, ஈயத் துண்டு இரண்டு, மாட்டுக் கழுத்து மணி ஒன்று, ஓட்டைக் காலணா ஒன்று, தாமரைப் பூ போட்ட இருபது பைசா ஒன்று. பதினொன்றையும் அத்தை கொடுத்த டிபன் பாக்ஸில் ஒன்றாகப் போட்டு மூடினேன்.

அந்த டிபன் பாக்ஸ்தான் இந்த நிகழ்வின் மிகப் பெரிய தவறு. எந்தப் பொருள் எந்தக் குழியில் கிடைத்தது என்று ஒரு வரிகூடக் குறித்து வைக்கவில்லை. பட்டறையில் ஒரு புஷ் எந்த மெஷினிலிருந்து கழற்றியது என்று சீட்டு ஒட்டாமல் வைத்தால் பையன்களை நான் திட்டுவேன்.

பொடிக் காசைப் புளி போட்டுத் தேய்த்தது

மாமாவின் மருமகள் நல்ல பெண். நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, உதவியாக இருக்கட்டும் என்று டிபன் பாக்ஸை எடுத்துப் போய், புளியும் பாத்திரம் தேய்க்கிற பவுடரும் போட்டு நாலு காசைத் தேய்த்துக் கொண்டுவந்து தட்டில் வைத்தது. குத்துவிளக்கு மாதிரி பளபளவென்று இருந்தன. பொடிக் காசு மூன்றிலும் கொஞ்சநஞ்சம் இருந்த மேடும் பள்ளமும் போயே போய்விட்டன. தேய்ப்பதற்கு முன்னால் ஒன்றில் பாரசீக எழுத்தின் வளைவு மாதிரி எனக்குத் தெரிந்தது. ஆற்காடு நவாபின் காசாக இருக்கலாம் என்று நினைத்தேன். இப்போது அது வெறும் செம்பு வட்டம். நாலாவது, 1835 காலணா. தடித்த காசு என்பதால் எழுத்து தப்பியது, நிறம் போயிற்று.

செம்பின் மேல் வருடக்கணக்கில் படிகிற பச்சையும் பழுப்பும் அழுக்கு அல்ல. அந்தப் படலத்தில்தான் எழுத்தின் கடைசி நிழல் உட்கார்ந்திருக்கும். அமிலம் பட்டால் முதலில் கரைவது அதுதான். உப்பு மண்ணில் கிடந்த காசுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு: குளோரைடு உள்ளே இறங்கியிருந்தால், காற்றின் ஈரம் பட்டதும் வெளிர்பச்சைப் பொடி பூத்துக் காசைத் தின்ன ஆரம்பிக்கும். கழுவி ஈரத்தோடு டப்பாவில் அடைப்பது அதற்கு விருந்து வைப்பது மாதிரி. அந்தப் பெண்ணைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, சொல்லி வைக்காதது நாங்கள். அன்றிலிருந்து என் பையில் மெல்லிய பிரஷ், டிஸ்டில்ட் வாட்டர், ஈரம் உறிஞ்சுகிற சிலிக்கா பொட்டலம் மூன்றும் இருக்கின்றன. மண் தானாக உதிர்ந்தால் உதிரட்டும், இல்லையென்றால் மண்ணோடே இருக்கட்டும்.

வரப்பு

பையன் அன்று சாயந்திரமே டச்சுக் காசின் படத்தை வாட்ஸ்ஆப்பில் நண்பர்களுக்கு அனுப்பிவிட்டான். திங்கட்கிழமை அது ஊர்க் குழுவுக்கு வந்தது. செவ்வாய்க்கிழமை டீக்கடையில் அது தங்கக் குடமாகிவிட்டது. புதன்கிழமை ராத்திரி யாரோ வந்து பம்புசெட்டுக்குப் பக்கத்து வரப்பில் கடப்பாரை போட்டு மூன்று இடத்தில் தோண்டியிருக்கிறார்கள். பக்கத்து வயலில் நவரைக்கு நட்டு இருபது நாள். அங்கே கட்டி வைத்த தண்ணீர் மொத்தமும் உடைந்த வரப்பு வழியாக மாமா வயலுக்கு வடிந்துவிட்டது.

காலையில் பக்கத்து வயல்காரர் வந்து நின்று கத்திய கத்தலை மாமா எங்களிடம் போனில் அப்படியே திருப்பிச் சொன்னார். “நைனா, உங்க மிஷினும் வேணாம் காசும் வேணாம். வரப்பக் கட்டிக் குடுத்துட்டுப் போங்க.” மூன்று பேரும் போய் வரப்பைக் கட்டினோம். பக்கத்து வயல்காரருக்கு ஒரு நாள் மோட்டார் ஓட்டிய செலவையும் கொடுத்தோம். அவர் காசை வாங்கிக்கொண்டு, “அப்ப நெஜமாவே குடம் இல்லியா?” என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

அந்த மூன்று குழியையும் நான் பார்த்தேன். எதுவும் எடுத்த தடயம் இல்லை. உழவு படாத, பழைய மண்ணைக் கிளறிப் போட்டதுதான் மிச்சம்.

இரண்டாவது ஞாயிறு

வயல் காய மூன்று வாரம் ஆயிற்று. மாமாவைச் சம்மதிக்க வைக்க அதைவிடக் கஷ்டப்பட்டோம். கடைசியில் அத்தைதான் மனம் இளகி, “கம்மலுக்காவ வரட்டும்” என்றார்.

இந்த முறை முறையாகப் போனோம். தேங்காய் நார்க் கயிற்றை நீளவாக்கில் கட்டி, ஒன்றரை மீட்டர் அகலச் சந்துகளாக வயலைப் பிரித்தோம். செல்போன் காட்டுகிற இடக்குறியில் நாலைந்து மீட்டர் பிசகு வரும். 60 சென்ட் வயலில் அது பெரிய பிசகு. அதனால் வடமேற்கு மூலையில் இருக்கும் சர்வே கல், தெற்கு வரப்பில் நிற்கும் ஒற்றைப் பனை, இரண்டிலிருந்தும் டேப் பிடித்து ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டு தூரம் குறித்தோம். மருந்துக்கடையில் மாத்திரை போட்டுத் தருகிற சின்ன கவர் நூறு வாங்கிப் போனேன். ஒரு பொருளுக்கு ஒரு கவர். மேலே எண், ஆழம், மண்ணின் நிறம். குப்பை வரிசையை அடக்கவில்லை, எது கத்தினாலும் தோண்டுவது என்று தீர்மானம்.

மண்ணின் நிறத்தைக் குறிக்கச் சொன்னது பையன். அவனுக்குப் புண்ணியமாகப் போகட்டும்.

62 குழி தோண்டினோம். எடுத்து வைத்தவை பதினேழு. மேற்கே, வயலின் மூன்றில் இரண்டு பங்கில் எட்டு: ஐந்தாம் ஜார்ஜ் காலணா இரண்டு, ஓட்டைக் காலணா ஒன்று, அலுமினிய ஐந்து பைசா இரண்டு, பத்து பைசா ஒன்று, இருபத்தைந்து பைசா ஒன்று, பித்தளைப் பூட்டு ஒன்று. 1911-க்கு முந்திய ஒரு காசுகூட இல்லை. கிழக்கே, மூன்றில் ஒரு பங்கில் ஒன்பது: கம்பெனி அடித்த ‘பத்து காசு’ ஒன்று, 1835 காலணா இன்னொன்று, பொடிக் காசு மூன்று, ஈயத் துண்டு நாலு. ஒரு நயாபைசாகூட அங்கே இல்லை.

கிழக்குப் பக்கத்துக் கவர்கள் எல்லாவற்றிலும் ‘கறுப்பு’ என்று எழுதியிருந்தது. மேற்குப் பக்கம் ‘செம்பழுப்பு’. கறுப்பு மண்ணைக் கையில் எடுத்துப் பிசைந்தால் களிமண், நடுநடுவே பொடிநத்தை ஓடு. மாமாவைக் கூப்பிட்டுக் காட்டினோம்.

“அது ஏரி மண்ணுப்பா. கெழக்கால பள்ளமா இருந்திச்சி, தண்ணி நிக்கும். ரெண்டு வருசம் முன்னாடி ஏரி தூர்வாரும்போது எட்டு டிப்பர் அடிச்சேன்.”

சரி. இரண்டு ஞாயிறாக, இந்த வயலில் ஒரு காலத்தில் கம்பெனிக்காரன் கூடாரம் போட்டானா, டச்சுக்காரன் பழவேற்காட்டிலிருந்து இந்த வழியாகப் போனானா என்று வாய் வலிக்கப் பேசியிருக்கிறோம். பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613-இல் ஜெல்டிரியா கோட்டை கட்டியது, அங்கேயே காசு அடித்தது, 1825-இல் ஊரை ஆங்கிலேயரிடம் விட்டுவிட்டுப் போனது என்று நான் ஒரு பிரசங்கமே நடத்தினேன். காசோ டிப்பர் லாரியில் வந்து இறங்கியிருக்கிறது.

ஈயத் துண்டைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். முதல் நாள் கிடைத்ததில் ஒன்று உருண்டையாக, துளையில்லாமல் இருந்தது. அது ஹைதர் அலி காலத்துத் துப்பாக்கிக் குண்டு என்று பையன் முடிவே கட்டிவிட்டான். ஹைதரின் படை 1769-இல் சென்னை வாசல் வரைக்கும் வந்ததும், 1780-இல் கர்நாடகப் பகுதியைச் சூறையாடியதும் உண்மை. அதற்காக வடசென்னையில் கிடக்கிற ஈய உருண்டை ஒவ்வொன்றும் ஹைதருடையது ஆகாது. மற்ற ஐந்தும் தகட்டைச் சுருட்டிய குழல் மாதிரி இருந்தன. எண்ணூர்க் குப்பத்தில் தெரிந்த ஒருவரிடம் காட்டினேன். கையில் வாங்கிய வேகத்திலேயே, “வலை ஈயம்ணா இது. எங்க தாத்தா இப்பிடித்தான் சுருட்டுவாரு” என்றார். உருண்டையைக் காட்டினேன். “இது இன்னாவோ” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். நானும் அத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

மீன்வலை தண்ணீரில் அமிழக் கட்டுகிற இந்த வலை ஈயம் ஏரியில் கிடப்பது இயற்கை. குளிக்கிற படித்துறையில், துணி துவைக்கிற கல்லடியில், இடுப்பு முடிச்சிலிருந்து காசு விழுவதும் இயற்கை. ஆனால் வேறொரு வழியும் இருக்கிறது. மாமாவின் அப்பா காலத்தில் பட்டணத்துக் குப்பையை மாட்டு வண்டியில் ஏற்றி வந்து எருவாகக் கொட்டுவார்களாம். பிளாஸ்டிக் வராத காலத்துக் குப்பை. சாம்பல், சாணம், காய்கறித் தோல், கூடவே தவறி விழுந்த காசு. அந்த வழியாக வந்திருந்தால் வயல் முழுக்கச் சீராகப் பரவியிருக்கும், மேற்கிலும் ஒன்றிரண்டு கம்பெனிக் காசு தலைகாட்டியிருக்கும். காட்டவில்லை. அதனால் ஏரி மண்ணுக்கே என் ஓட்டு. இதற்கு எதிராக நானே ஒன்று சொல்லிக்கொள்கிறேன்: கிழக்கே மண் மெத்தென்று இருந்தது, அலுக்காமல் தோண்டினோம், மேற்கே காய்ந்த கட்டி, நாலு பலவீனமான சிக்னலை ‘இரும்புதான்’ என்று சொல்லித் தாண்டிவிட்டோம். உண்மையில் இரும்பா என்று யார் கண்டது.

முதல் நாள் கிடைத்த பதினொன்றும் எந்த மண்ணில் கிடந்தன? அங்கேதான் பையனின் வாட்ஸ்ஆப் கைகொடுத்தது. வரப்பை உடைத்த அதே படங்கள். எடுத்தவுடனே உள்ளங்கையில் வைத்துப் பிடித்த படம் ஏழு பொருளுக்கு இருந்தது. பெரிதாக்கிப் பார்த்தால் விரல் இடுக்கில் மண். 1808 இருபது காசின் படத்தில் கறுப்பு. பொடிக் காசு ஒன்றில் கறுப்பு. வலை ஈயம் ஒன்றில் கறுப்பு. 1835 காலணாவிலும் கறுப்பு. ஓட்டைக் காலணா, தாமரை இருபது பைசா, மாட்டு மணி மூன்றிலும் செம்பழுப்பு. ஊரே பேசிய டச்சுக் காசை மட்டும் மூன்று படம் எடுத்திருக்கிறான், மூன்றும் அத்தை வீட்டுத் திண்ணையில், வெள்ளைத் துண்டு மேலே, கழுவித் துடைத்து. அது எந்த மண்ணில் கிடந்தது என்று இனி எந்த ராஜா வந்தாலும் சொல்ல முடியாது.

எட்டு டிப்பரும் எந்த ஏரியிலிருந்து வந்தன என்பது அடுத்த கேள்வி. மாமா ஒரு ஏரியைச் சொன்னார், லாரி ஓட்டியவர் இன்னொன்றைச் சொன்னார். அந்த வருடம் இரண்டிலும் தூர்வாரியிருக்கிறார்கள். ஏரிக்குள் கருவியோடு இறங்கிப் பார்ப்போமா என்று பெரம்பூர்க்காரர் கேட்டார். வேண்டாம் என்றேன். வயல் சொந்தக்காரருடைய அனுமதி நமக்கு உண்டு, ஏரி அரசாங்கத்துடையது. அதுவும் இல்லாமல், உழவு அடுக்கில் நாம் கிளறியது ஏற்கெனவே ஏரும் டிராக்டரும் கலைத்துப் போட்டது. ஏரியின் அடிமண் அப்படியல்ல. அங்கே எது எதற்குக் கீழே கிடக்கிறது என்பதுதான் சரித்திரம். அதை நம் மண்வெட்டி பாயசம் ஆக்கிவிடும்.

மாமாவின் கால் பங்கு

சட்டத்தை நாங்கள் படித்தது இரண்டாவது ஞாயிறுக்குப் பிறகு. முதல் ஞாயிறுக்கு முன்பே படித்திருக்க வேண்டும்.

1878-ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம் இன்றும் உயிரோடு இருக்கிறது. மண்ணில் மறைந்திருந்து கிடைக்கிற, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதுவானாலும், கண்டெடுத்தவர் கலெக்டருக்கு எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும்: என்ன பொருள், சுமார் மதிப்பு, கிடைத்த இடம், தேதி. பொருளைக் கருவூலத்தில் ஒப்படைக்க வேண்டும், அல்லது கேட்கும்போது கொடுப்பதற்குப் பிணை கொடுக்க வேண்டும். கலெக்டர் அறிவிப்பு வெளியிட்டு, உரிமை கோருபவர்கள் வருவதற்கு நாலு மாதத்துக்குக் குறையாமல், ஆறு மாதத்துக்கு மிகாமல் ஒரு நாள் குறிப்பார். அரசுக்கு வேண்டுமென்றால் பொருளின் உலோக மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துக் கொடுத்து எடுத்துக்கொள்ளலாம். சொல்லாமல் மறைத்தால் பங்கும் போகும், ஓராண்டு வரை சிறையும் உண்டு. 1878-இல் பத்து ரூபாய் என்பது பெரிய தொகை. இன்று அது ஒரு டீக்குக்கூடக் காணாது. ஆனால் எண் மாறவில்லை.

தவறி விழுந்த காசு ‘மறைந்திருந்தது’ ஆகுமா என்று வக்கீல் நண்பர் ஒருவர் அரைமணி நேரம் வாதாடினார். சந்தேகம் இருந்தால் சட்டத்தின் பக்கம் நிற்பது என்று நாங்கள் முடிவு செய்தோம். நூறு வருடம் தாண்டிய காசு, 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி தொல்பொருள் ஆகிவிடுகிறது. தனியார் யாரும் அதை நாட்டுக்கு வெளியே அனுப்ப முடியாது, தொழிலாக விற்க உரிமம் வேண்டும். டச்சுக் காசுக்கு வெளிநாட்டிலிருந்து விலை கேட்டுப் பையனுக்கு வந்த செய்தியை அன்றே அழிக்கச் சொன்னேன்.

உரிமையாளர் யாரும் வராவிட்டால், தனியாக ஒப்பந்தம் எதுவும் இல்லாத பட்சத்தில், கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, நிலத்துக்காரருக்குக் கால் பங்கு. இதை வாசித்துக் காட்டியதும் மாமா எழுந்து நின்றுவிட்டார். “நெலம் என்னுது, வரப்பு ஒடஞ்சது என்னுது, எனக்குக் காலா?” அங்கேயே வெள்ளைத் தாளில் மாமாவுக்குப் பாதி, எங்கள் மூவருக்கும் பாதி என்று எழுதி நாலு பேரும் கையெழுத்துப் போட்டோம். பிறகு 28 பொருளுக்கும் படத்தோடு பட்டியல் தயாரித்தோம். 2018-இல் மணலியும் சென்னை மாவட்டத்துக்குள் வந்துவிட்டதால், வயல் விவகாரத்தையும் ராஜாஜி சாலையில் இருக்கிற கலெக்டர் அலுவலகத்துக்கே எழுத வேண்டும். எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொண்டோம். பட்டியலில் ‘கிடைத்த இடம்’ என்ற கட்டத்தில் பதினேழுக்கு இரண்டு தூரமும் ஆழமும் எழுதினேன். ஏழுக்கு ‘படத்தில் தெரியும் மண்ணின்படி’ என்று எழுதினேன். நாலுக்கு ‘குறிக்கவில்லை’. அந்த நாலில் ஒன்று டச்சுக் காசு.

இங்கிலாந்தில் இந்தப் பொழுதுபோக்கு நம் ஊர்க் கிரிக்கெட் மாதிரி. அங்கே ஹாக்ஸ்ன் என்ற கிராமத்தில் 1992 நவம்பரில் ஒரு விவசாயி வயலில் சுத்தியலைத் தொலைத்துவிட்டார். தேடித் தரச் சொல்லி டிடெக்டர் வைத்திருந்த நண்பரைக் கூப்பிட்டார். நண்பருக்குத் தட்டுப்பட்டது ரோமானியர் காலப் புதையல், சுமார் 15,000 காசு. அவர் செய்த பெரிய காரியம், கொஞ்சம் எடுத்ததும் கையை நிறுத்திவிட்டுத் தகவல் சொன்னதுதான். மறுநாள் தொல்லியல் ஆட்கள் வந்து, புதைத்த பெட்டியின் அமைப்பு கலையாமல் எடுத்தார்கள். எது எதன் பக்கத்தில் இருந்தது என்பது வரைக்கும் இன்று தெரியும். சுத்தியலும் கிடைத்தது, அதுவும் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நேர்மாறாக, ஹியர்ஃபோர்ட்ஷயரில் 2015-இல் வைக்கிங் காலப் புதையலை எடுத்த இரண்டு பேர் வாயைத் திறக்காமல் பிரித்து விற்றார்கள். 2019-இல் நீண்ட சிறைத் தண்டனை கிடைத்தது. விற்றுப்போன காசில் பெரும்பங்கு திரும்பவே இல்லை.

அவர்களுக்குச் சுத்தியல் கிடைத்தது. எங்களுக்குக் கம்மல் கிடைக்கவில்லை. இரண்டாவது ஞாயிறு ஒவ்வொரு குப்பையையும் தோண்டியும் கிடைக்கவில்லை.

மாமா வயலை உழுத பிறகு ஒரு நாள், கடிதத்தின் நகலைக் கொடுக்கப் போயிருந்தேன். அத்தை மோர் கொடுத்தார். பேச்சோடு பேச்சாக, “அன்னிக்குக் களை எடுத்துட்டு, பம்புசெட்டாண்ட தொட்டியில மூஞ்சி கழுவினேன். அங்க ஒருதபா பாத்தீங்களா?” என்றார். நான் மோரைக் கீழே வைத்தேன். இரண்டு ஞாயிறு, 109 குழி. அன்று எங்கெல்லாம் போனீர்கள் என்று அத்தையிடம் ஒருத்தரும் கேட்கவில்லை.

தொட்டி சிமெண்ட், உள்ளே கம்பி. கருவியைப் பக்கத்தில் கொண்டுபோனாலே அலறும், பிரயோஜனம் இல்லை. தண்ணீரை இறைத்துவிட்டு, அடியில் படிந்த சேற்றை அத்தை மாவுச் சல்லடையில் போட்டு அலசினார். முக்கால் மணி நேரம் கழித்து நுனிவிரலில் ஒன்றை ஒட்டி எடுத்துக் காட்டினார். திருகாணி. கம்மல் இல்லை, திருகாணி மட்டும். திருகு அங்கே கழன்றதென்றால், கம்மல் அங்கிருந்து வீட்டுவாசல் வரைக்கும் எங்கே வேண்டுமானாலும் விழுந்திருக்கலாம்.

“எந்த மூலையில அத்தே?” என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவரே ஈரக் கையால் தொட்டியின் தென்கிழக்கு மூலையைத் தட்டிக் காட்டினார்.